டாரட் சீட்டுகளை ஓவியத்துக்காகச் சேகரிப்பது: எந்த அச்சை வாங்குவது, எப்படிக் காப்பது

கேள்வி இது: "ஆரூடத்தில் எனக்கு ஆர்வமில்லை. டாரட் சீட்டுகளின் படங்கள் பிடித்திருக்கின்றன, அவற்றுக்காகவே சேகரிக்க விரும்புகிறேன். எந்தக் கட்டிலிருந்து தொடங்கலாம்? ஒரே படம் பல நிறங்களில், பல விலைகளில் விற்கிறதே, எதை வாங்குவது? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னையின் ஈரக்காற்றில் எப்படிப் பத்திரப்படுத்துவது?"

படத்தைப் பார்க்கிற அதே கவனத்தோடு அச்சையும் பாருங்கள். முதல் மூன்று கேள்விகளுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. டாரட் ஓவியங்களின் மூலங்கள் ஏதோ ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கும், அல்லது தொலைந்திருக்கும். நம் கைக்கு வருவது 78 அச்சிட்ட அட்டைகள். ஒரே ஓவியம் ஒரு பதிப்பில் உயிரோடு இருக்கும், இன்னொன்றில் சாயம் போன நாட்காட்டிப் படம்போல் கிடக்கும். கோடு கூர்மையாக விழுந்திருக்கிறதா, நிறம் எந்த மூலத்தைப் பின்பற்றியது, ஓரம் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது, அட்டை எந்தக் கனம் என்று கேட்கப் பழகிவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

படத்துக்காகச் சேகரிப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டாட்டமாகப் பிறந்தது. பிரபுக்கள் ஓவியரை அமர்த்திக் கட்டுகளைத் தீட்டச் சொன்னார்கள். எகிப்தியப் பூசாரிகளின் மறைஞானம் இதில் ஒளிந்திருக்கிறது என்று பிரான்சில் கூர் த ஜெபலின் என்ற அறிஞர் எழுதியது 1781இல். ஆரூடத்தோடு டாரட் இறுகப் பிணைந்தது அதன் பிறகுதான்.

ஒரு முழுக் கட்டில் 78 சீட்டுகள். 22 தனிப்படங்கள், அதாவது மேஜர் அர்கானா. மீதி 56, மைனர் அர்கானா: கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு இனம், ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகளும் நான்கு அரசவைச் சீட்டுகளும். ஓவியத்துக்காக வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த 40 எண் சீட்டுகளைத்தான். 22 படங்களில் உழைத்துவிட்டு எண் சீட்டுகளில் வெறும் ஏழு கோப்பைகளை அடுக்கிவைத்து முடித்துக்கொள்ளும் கட்டுகள் நிறைய. விளம்பரத்தில் காட்டுவதும் நிலா, சூரியன், மரணம் மாதிரிப் பளிச்சென்ற சீட்டுகளை மட்டும்தான். வாங்கும் முன் 78 படங்களையும் காட்டும் காணொளி ஒன்றைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

தொடக்கத்துக்கு மூன்று கட்டுகள் போதும்: ரைடர்–வெய்ட்–ஸ்மித், ஒரு மார்சே கட்டு, ஒரு விஸ்கோந்தி–ஸ்ஃபோர்ஸா. பிறகு வரும் பெரும்பாலான கட்டுகள் இந்த மூன்றில் ஒன்றோடு பேசிக்கொண்டிருப்பவைதான். மூலத்தைத் தெரிந்துகொண்டால் புதிய ஓவியர் எதைக் கடன் வாங்கினார், எங்கே தன் வழியில் போனார் என்பது கண்ணில் படும்.

முதலாவதை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் (1878–1951). மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டம் சொல்ல, இவர் வரைய, லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் நிறுவனம் 1909 டிசம்பரில் வெளியிட்டது. வெகுகாலம் வெளியீட்டாளர் பெயரும் வெய்ட்டின் பெயரும் மட்டுமே பெட்டியில் இருந்தன. வரைந்தவர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பிந்தியது. 80 ஓவியங்களை முடித்துவிட்டதாகவும், வேலை பெரிது, கூலி மிகக் குறைவு என்றும் அவர் 1909 நவம்பரில் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரெட் ஸ்டிக்லிட்ஸுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அவர் புரூக்ளினில் ப்ராட் கல்லூரியில் படித்தவர். பிறகு எலன் டெர்ரி, ஹென்றி இர்விங் ஆகியோரின் லைசியம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். அந்த மேடை அனுபவம் சீட்டுகளில் அப்படியே தெரிகிறது. நாணயம் இரண்டைப் பாருங்கள்: ஆள் ஒரு தட்டையான தளத்தில் நிற்கிறான், அவனுக்குப் பின்னால் அலையும் கப்பலும் தீட்டிய திரைச்சீலைபோல் தொங்குகின்றன. தளமும் திரையும் சந்திக்கும் இடத்தில் கிடைக்கோடு. இந்தக் கோடு வேறு பல எண் சீட்டுகளிலும் உண்டு. சீட்டின் கீழ் மூலையில் பாம்புபோல் நெளியும் அவருடைய கையெழுத்துச் சின்னத்தையும் தேடுங்கள். பிற்காலத்தில் கோட்டைத் திருத்தி வரைந்த பதிப்புகளில் அது காணாமல் போயிருக்கும், அல்லது உருத்தெரியாமல் சிதைந்திருக்கும். மோசமான மறுபதிப்பைக் கண்டுகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அவருடைய மூல ஓவியங்கள் இன்று கிடைப்பதில்லை. ஆகவே பழைய அச்சுகள்தான் மூலம். முதல் அச்சின் பின்புறத்தில் ரோஜாவும் லில்லியும் இருக்கும், அது மிக அரிது. அடுத்து வந்த ரைடர் அச்சுகளைச் சேகரிப்பாளர்கள் 'பாம்' ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறார்கள். பமீலா என்ற ஓவியரின் பெயரைச் சுருக்கி வைத்த வகைப்பாடு அது. 1971இல் அமெரிக்காவின் யு.எஸ். கேம்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனம் மஞ்சள் பெட்டியில் வெளியிட்டதுதான் உலகம் முழுக்கப் பரவியது. அதன் சீட்டு ஓரத்தில் காப்புரிமைக் குறியோடு 1971 என்ற ஆண்டு பொடி எழுத்தில் இருக்கும். "1910ஆம் ஆண்டுக் கட்டு" என்று யாராவது விற்றால் முதலில் அந்த ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரே கோட்டின்மேல் நிறம் என்ன செய்யும் என்பதைப் பார்க்க ஸ்மித்தின் ஓவியத்தைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1971 பதிப்பில் வானம் அடர் மஞ்சள், நீலம் கனம். 2009இல் நூற்றாண்டுக்காக வந்த ஸ்மித்–வெய்ட் சென்டெனியல் பதிப்பு பழைய அச்சின் மங்கலான நிறங்களுக்குத் திரும்பியது. அதில் கோடு முன்னுக்கு வருகிறது, நிறம் ஒதுங்கி நிற்கிறது. மேரி ஹான்சன்-ராபர்ட்ஸ் நிறம் மாற்றிய யுனிவர்சல் வெய்ட் மென்மையானது. 1960களில் வந்த அல்பானோ–வெய்ட் அந்தக் காலத்துச் சுவரொட்டிபோல் கண்ணைப் பறிக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சென்டெனியலை வாங்குங்கள். மஞ்சள் பெட்டியை வாங்கிவிட்டு "படம் முரடாக இருக்கிறதே" என்று ஒதுக்கிவிடுபவர்கள் ஸ்மித்தின் கோட்டை இன்னும் பார்க்கவே இல்லை.

1909 ஓவியங்கள் அமெரிக்காவில் வெகுகாலமாகப் பொதுச் சொத்து. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் கணக்கு என்பதால் இங்கே 2012 முதல், பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 70 ஆண்டுக் கணக்கில் 2022 முதல். அதனால் பழைய அச்சிலிருந்து யார் வேண்டுமானாலும் சட்டப்படியே பதிப்பிக்கலாம், அதைப் போலி என்று சொல்ல முடியாது. பிற்காலத்தில் ஒருவர் புதிதாகத் தீட்டிய நிறத்தையும் பெட்டியையும் திருடி அச்சடிப்பதுதான் போலி.

பிரான்சின் பழைய மரக்கட்டை அச்சு மரபான மார்சே கட்டுகளின் அழகு வேறு மாதிரி. மரக்கட்டையில் கோட்டைச் செதுக்கிக் கறுப்பு மையில் ஒற்றி எடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் துளையிட்ட ஒரு ஸ்டென்சிலை மேலே வைத்துத் தூரிகையால் நிறத்தைத் தேய்ப்பார்கள். ஸ்டென்சில் ஒரு நூல் விலகினால் சிவப்பு உடையின் சிவப்பு கைக்கு வழியும், முகத்தில் பாதி வெள்ளையாக நிற்கும். இந்தப் பிசிறுதான் அந்தச் சீட்டின் மூச்சு. கணினியில் பிசிறை நீக்கிக் கோட்டைச் சமமாக்கி, நிறத்தைக் கச்சிதமாக நிரப்பிய பதிப்புகள் சாலைக் குறியீட்டுப் பலகைபோல் ஆகிவிடுகின்றன.

பழைய கட்டுகளைச் செய்தவர்களின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜான் நோப்லே, பாரிஸ், சுமார் 1650. பியர் மதெனியே, தீஜோன், 1709. ஜான் தோதால், லியோன், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நிக்கோலா கொன்வெர், மார்சே, 1760. பால் மார்த்தோ 1930இல் கிரிமோ நிறுவனத்துக்காகச் செய்த பதிப்பு சிவப்பு, நீலம், மஞ்சள் என்று தட்டையாக நிற்கும். மார்சே என்றால் இதுதான் என்று 20ஆம் நூற்றாண்டு முழுக்க நம்பவைத்தது அதுதான். கொன்வெரின் பழைய அச்சுகளோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு இழந்திருக்கிறது என்று புரியும்.

வாங்கும்போது பெட்டியில் இருப்பது நேர்நகலா, சீரமைப்பா என்று கேளுங்கள். நேர்நகல் என்றால் அருங்காட்சியகத்துச் சீட்டைக் கறை, கிழிசல், அழுக்கோடு படமெடுத்து அச்சிட்டது. சீரமைப்பு என்றால் ஒருவர் உட்கார்ந்து கோட்டை மறுபடி வரைந்தது. இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ழான்-குளோத் ஃப்ளோர்னுவா நோப்லே, தோதால் கட்டுகளைச் சீரமைத்தவர், பழைய முறையில் ஸ்டென்சில் வைத்தே நிறமிட்டவர். ஈவ் ரேனோ வெளியிட்ட மதெனியே, கொன்வெர் கட்டுகள் மூலத்தோடு ஒட்டி நிற்பவை. நோப்லே விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பாரிஸ் தேசிய நூலகத்தில் எஞ்சியிருப்பவை 73 சீட்டுகளே. வாள் ஆறு முதல் பத்து வரை இல்லை. 78 சீட்டு நோப்லே எதுவானாலும் அந்த ஐந்தும் இன்றைய கை வரைந்தவை. எண்களிலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படும்: மார்சேயில் நீதி 8, வலிமை 11. வெய்ட் அவற்றை மாற்றி வைத்தார். கட்டு தவறாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

விஸ்கோந்தி–ஸ்ஃபோர்ஸா மிலான் அரசவைக்காகச் சுமார் 1450இல் செய்யப்பட்டது. பெரும்பகுதியைத் தீட்டியவர் போனிஃபாச்சோ பெம்போ என்று கருதப்படுகிறது. ஆறு சீட்டுகள் வேறொரு கை, கொஞ்சம் பிந்தியவை. முகத்தின் மெருகையும் நிலத்தின் கீழ் விளிம்பையும் ஒப்பிட்டால் அந்த ஆறையும் நீங்களே பிரித்து எடுத்துவிடலாம். அது ஒரு நல்ல பயிற்சி. எஞ்சியவை 74: நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் 35, பெர்கமோவில் காராரா அகாதெமியில் 26, கொல்லியோனி குடும்பத்தாரிடம் 13. சாத்தான், கோபுரம், வாள் மூன்று, நாணயக் குதிரைவீரன் ஆகிய நான்கும் இல்லை. ஆகவே கடையில் கிடைக்கும் பெரும்பாலான விஸ்கோந்தி கட்டுகளில் இந்த நான்கையும் ஒரு நவீன ஓவியர் இட்டு நிரப்பியிருப்பார், பதிப்புக்குப் பதிப்பு சாத்தான் மாறுவான். வாங்கும் முன் இந்த நான்கை மட்டும் பார்த்தாலே பதிப்பாளரின் தரம் தெரிந்துவிடும்.

இந்தக் கட்டில் பெரிய சிக்கல் தங்கம். மூலத்தில் தங்க ரேக்கு ஒட்டி, அதன்மேல் சிறு உளியால் குத்திக் குத்திப் பூவேலை செய்திருக்கிறார்கள். சீட்டைச் சாய்த்தால்தான் அந்தக் குத்துவேலை மின்னும். சாதாரண நான்கு நிற அச்சில் தங்கம் கிடையாது, காவி கலந்த மஞ்சளாகத்தான் வரும். உலோகத் தாள் ஒற்றிய பதிப்புகளில் பளபளப்பு கிடைக்கும், ஆனால் குத்துவேலை மறைந்து சாக்லேட் உறைபோல் தட்டையாகிவிடும். குத்துப் புள்ளிகள் நிழலோடு தெரிகிற மாதிரி நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, பளபளப்பு இல்லாமல் அச்சிட்ட பதிப்பே மேல். அளவையும் பாருங்கள்: மூலச் சீட்டு ஏறக்குறைய 173 × 87 மில்லிமீட்டர். இன்றைய வழக்கமான 120 × 70க்குச் சுருக்கினால் ஆடையின் பூவேலை கலங்கிப் போகும். பல சீட்டுகளின் மேல் விளிம்பில் ஆணி குத்திய துளை இருக்கும். நேர்நகலில் அதை அழிக்காமல் விட்டிருந்தால் பதிப்பாளர் நேர்மையானவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகு நான்காவதாக நான் சொல்வது சோலா புஸ்கா. சுமார் 1491, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டது, 78ம் முழுமையாக எஞ்சியது. 2009இல் இத்தாலிய அரசு வாங்கி மிலானின் பிரேரா அருங்காட்சியகத்தில் வைத்தது. எண் சீட்டுகளிலும் மனித உருவங்கள் நிறைந்த மிகப் பழைய கட்டு இது. இதன் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. இரண்டு ஆண்டு கழித்து ஸ்மித் வரைந்த வாள் மூன்றையும் இதன் வாள் மூன்றையும் அருகருகே வையுங்கள்: மூன்று வாள் துளைத்த அதே இதயம். இதில் பத்து வாளைக் கட்டித் தூக்கிக் குனிந்து நடக்கும் மனிதன், ஸ்மித்தின் கையில் பத்துக் கோலைத் தூக்குகிறான். இரண்டு கட்டும் கையில் இருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் இன்பம் இது.

தோத் கட்டு ஆங்கிலேய மறைஞானி அலிஸ்டர் க்ரோலியின் பெயரில் அறியப்பட்டாலும் தீட்டியவர் ஃப்ரீடா ஹாரிஸ். 1938 முதல் 1943 வரை நீர்வண்ணத்தில் தீட்டினார். வீச்சு வடிவியலை (புரொஜெக்டிவ் ஜியாமெட்ரி) கற்று, ஒளிக்கற்றைகளும் வளைவுகளும் ஒன்றையொன்று ஊடுருவும் பின்புலங்களை அமைத்தார். இருவரும் உயிரோடு இருந்தவரை அது முழு வண்ணச் சீட்டுக் கட்டாக வரவில்லை. ஹாரிஸ் 1962இல் ஸ்ரீநகரில் காலமானார், கட்டு வெளிவந்தது 1969இல். மூலங்கள் லண்டனில் வார்பர்க் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. பெரிய அளவையே வாங்குங்கள், சிறிய அளவில் அந்த மெல்லிய வளைவுகள் சேறாகிவிடும். சுவிட்சர்லாந்தில் அச்சான சில கட்டுகளில் மந்திரவாதி மூன்று விதமாக வரும், மொத்தம் 80 சீட்டு. பழைய கட்டு விற்பவர் மூன்றில் இரண்டைத் தனியே எடுத்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைய கட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, எல்லாவற்றையும் துரத்த முடியாது. ஓவிய முறையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். கிம் கிரான்ஸின் வைல்ட் அன்நோன் பேனாக் கோட்டுக்காக, கேட் பிளாக்கின் கோல்டன் டாரட் பழைய ஐரோப்பிய ஓவியங்களை வெட்டி ஒட்டிய நுட்பத்துக்காக. ஜேம்ஸ் ஈட்ஸின் ப்ரிஸ்மா விஷன்ஸில் ஓர் இனத்தின் சீட்டுகளை வரிசையாக வைத்தால் ஒரே நீண்ட நிலக்காட்சி தொடரும். சல்வதோர் தலியின் கட்டு 1984இல் குறைந்த எண்ணிக்கையில் வந்தது, பின்னர் 2019இல் டாஷன் பதிப்பகம் மறுபடி கொண்டுவந்தது. மறுபதிப்பே போதும்.

கூட்டுநிதி திரட்டி வெளிவரும் கட்டுகளில் மூன்றைக் கேளுங்கள்: 78 படங்களும் வரைந்து முடிந்தனவா, அட்டை எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), மாதிரி அச்சின் படம் உண்டா. 22 மட்டும் முடித்துவிட்டுப் பணம் கேட்பவர்களின் கட்டு வருடக்கணக்கில் தள்ளிப்போவது சகஜம். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களும் இப்போது "கையால் தீட்டியது" என்று விற்கப்படுகின்றன. அவற்றைப் பிடிக்க எண் சீட்டுகளை எண்ணுங்கள். கோப்பை எட்டில் ஏழோ ஒன்பதோ இருக்கும். வாளின் பிடி கையோடு சேராது. ஓரத்து அலங்காரம் இடமும் வலமும் பொருந்தாது.

அட்டை விஷயத்துக்கு வருவோம். 300 முதல் 350 ஜிஎஸ்எம் நல்லது. ஒரு சீட்டு 0.3 மில்லிமீட்டர் என்றால் 78 சேர்ந்து 23 மில்லிமீட்டர், கைக்கு அடங்கும். 0.4 ஆனால் 31. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், கலைக்க முடியாது, கலைத்தால் விளிம்பு உரியும். இரண்டு தாள்களுக்கு நடுவே கறுப்போ நீலமோ பசை ஓடியிருந்தால் வெளிச்சத்தில் மறுபக்கம் தெரியாது. மேற்பூச்சில் கிளாஸி நிறத்தை ஆழமாகக் காட்டும், விளக்கைப் பிரதிபலித்துப் படத்தை மறைக்கும், விரல்ரேகை பிடிக்கும். மேட் லேமினேஷன் படம் பார்க்கச் சிறந்தது, கறுப்பைக் கொஞ்சம் சாம்பலாக்கும், நகக்கீறல் வெள்ளையாகத் தெரியும். லினன் எனப்படும் துணிப் பதிவு கலைக்க வழுவழுப்பு தரும், ஆனால் மெல்லிய கோட்டைக் குலைக்கும். ஸ்மித்தின் கோட்டுக்கும் மரக்கட்டை அச்சுக்கும் மேட் வாங்குங்கள்.

போலியைப் பிடிக்க நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லூப், அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒன்று போதும். நல்ல அச்சில் கறுப்புக் கோடு உடையாமல் ஒரே கறுப்பாக ஓடும், நிறப் பகுதியில்தான் சீரான புள்ளிகள். அச்சிட்ட சீட்டை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் கறுப்புக் கோடே நான்கு நிறப் புள்ளிகளாக உடைந்து நிற்கும், நிறத்தில் அலையலையான கோலம் விழும். லூப் இல்லாவிட்டாலும் சில அறிகுறிகள் உண்டு. கையேடு இல்லாமல் கியூஆர் குறி அச்சிட்ட ஒரு சீட்டு மட்டும் இருக்கும். ஓரம் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 மில்லிமீட்டர் என்று கோணலாக வெட்டப்பட்டிருக்கும். சீட்டு மூலத்தைவிடச் சிறியது. பெட்டி மெல்லிய மடிப்பு அட்டை. பெட்டியில் பதிப்பாளர் முகவரியும் ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண்ணும் இருக்காது. ஓவியரின் தளத்தில் 3,000 ரூபாய்க்கு மேல் விற்பது சந்தைத் தளத்தில் 500க்குக் கிடைத்தால் வேறு சோதனையே தேவையில்லை. போலியால் மிகவும் அடிபடுபவர் தனியாக நின்று பதிப்பிக்கும் ஓவியர். ஆகவே முதலில் அவருடைய தளத்தைத் திறந்து, யார் விற்க உரிமை பெற்றவர் என்று பாருங்கள்.

பழைய கட்டு வாங்கும்போது 78ஐயும் இனவாரியாக அடுக்கி எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கையை நம்பாதீர்கள்: விளம்பரச் சீட்டைச் சேர்த்து 78 ஆகியிருக்கலாம். விசிறிபோல் விரித்துப் பின்புறத்தைப் பார்த்தால் வேறு கட்டிலிருந்து நுழைத்த சீட்டு நிறத்தில் காட்டிக்கொடுக்கும். வெயிலில் கிடந்த பெட்டியில் சிவப்பும் மஞ்சளும் முதலில் மங்கும், நீலம் நிற்கும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் நீலம் பூத்திருந்தால் கடைக் கண்ணாடியில் பல நாள் இருந்தது என்று பொருள். பழுப்புப் புள்ளிகள் இருந்தால் ஈரம் பட்டது, விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அட்டையின் மேற்படலம் விளிம்பில் வெள்ளையாகப் பிரிந்திருந்தால் அதைச் சரிசெய்ய முடியாது. பசை தடவினால் இன்னும் கெடும்.

இனி சென்னையின் காற்று. காகிதத்துக்கு இதமான ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலான நாட்களில் அது 70ஐத் தாண்டும். சீட்டு வளைவதன் காரணம் எளிது: காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், பிளாஸ்டிக் படலம் விரியாது. முகத்தில் மட்டும் படலம் ஒட்டியிருந்தால் முதுகு விரிந்து சீட்டு முகத்தின் பக்கம் குழிந்து வளையும். இரு பக்கமும் படலம் உள்ள கட்டு அதிகம் வளையாது. வளைந்த கட்டை வெயிலில் வைக்காதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே, காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு மூன்று நான்கு நாள் வையுங்கள். பெரும்பாலும் நேராகிவிடும்.

தினசரிப் பாதுகாப்புக்கு ரப்பர் வளையம் வைத்த, 10 லிட்டர் கொள்ளும் மூடிய பிளாஸ்டிக் டப்பா, அதில் 50 முதல் 100 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும். சமைக்கும் பாத்திரத்தில் வைக்க வேண்டாம், நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கும், ஆரஞ்சு வகை வாங்குங்கள். ஈரமானி 40க்குக் கீழே காட்டினால் ஜெல்லைக் குறையுங்கள், அளவுக்கு மீறி உலர்ந்தாலும் சீட்டு எதிர்ப்பக்கம் வளையும். ஏசி அறையிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால் குளிர்ந்த சீட்டின்மேல் ஈரம் படியும். அரை மணி நேரம் மூடியபடியே விடுங்கள்.

ராமபாணப் பூச்சிக்குக் காகிதமும் அதன் பசையும் உணவு. ஈரம் குறைந்தால் அதுவும் குறையும். அந்துருண்டை போடாதீர்கள்: வாடை அட்டையில் ஏறிப் போகவே போகாது, சில வகை உருண்டைகளின் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கவும் செய்யும். பச்சை வேப்பிலையும் வேண்டாம், இலையின் ஈரம் கறையாகும். பட்டுத் துணியில் சுற்றும் வழக்கம் உண்டு. சாயத் துணி ஈரத்தில் நிறம் விடும், சாயமில்லாத பருத்தி நல்லது. ரப்பர் பேண்ட் ஒருபோதும் கூடாது: விளிம்பில் வெட்டு விழும், உருகினால் ஒட்டிக்கொள்ளும். உறை போடுவதென்றால் பாலிபுரோப்பிலீன் மட்டும், பிவிசி வேண்டாம். உறை போட்ட 78 சீட்டு அதன் பெட்டிக்குள் நுழையாது, வேறு பெட்டிக்கு இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பொன்விளிம்புக் கட்டு புதிதில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கட்டை மொத்தமாகக் கலைக்காமல், மெல்ல வளைத்து ஒவ்வொன்றாகப் பிரித்து, உதிரும் துகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வைக் கையில் விளிம்புச் சாயம் வெள்ளை ஓரத்தில் படியும்.

சுவரில் மாட்டுவதற்குச் சீட்டில் டேப் ஒட்டாதீர்கள். ஆல்பத்துக்கு வைக்கும் நான்கு மூலைத் தாள்களில் செருகி, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டு, சன்னலுக்கு எதிர்ச் சுவரைத் தவிர்த்து மாட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டை மாற்றினால் எந்த ஒன்றும் தனித்து மங்காது. அச்சுத்தாளை வெட்டாமல் முழுத் தாளாக விற்கும் ஓவியர்களும் உண்டு, சுவருக்கு அதுவே பொருத்தம்.

பத்துக் கட்டைத் தாண்டியதும் ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள்: ஓவியர், பதிப்பாளர், பதிப்பு ஆண்டு, அச்சான நாடு, ஐஎஸ்பிஎன், சீட்டு எண்ணிக்கை, மில்லிமீட்டரில் அளவு, பின்புறப் படம், கையேடு உண்டா, வாங்கிய விலை. பெட்டியின் அடிப்பக்கத்தையும் படமெடுத்துச் சேருங்கள், பதிப்பை அடையாளம் காட்டும் விவரமெல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு சீட்டு தொலைந்தால் ஓவியருக்கு எழுதுங்கள், தனியாகப் பதிப்பிப்பவர்களில் பலர் ஒற்றைச் சீட்டை அனுப்பித் தருவார்கள். வந்ததன் முதுகை மற்ற சீட்டுகளோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். நிறம் வேறுபட்டால் அது வேறொரு அச்சிலிருந்து வந்தது, அதையும் பட்டியலில் அந்தக் கட்டின் பெயருக்கு நேரே எழுதிவையுங்கள்.